நம்மவர் ஒதுக்கிய நம்மவர்: டைரக்டர் கே. சுப்ரமணியம்

என் பாட்டியின் தங்கை பத்து வயதில் விதவையானவர். எண்பது வயது வரை நார்மடிப் புடவையும் முக்காடுமாக அடுக்களையிலேயே காலம் தள்ளினார். அவரைப் போன்றவர்களைத் திரைக்குக் கொண்டுவந்தவர் டைரக்டர் கே. சுப்ரமணியம்.

1904-ல் பாபநாசத்தில் பிறந்தவர். வக்கீல் தொழிலை விட்டு சினிமாவுக்கு வந்தார். 1937-ல் 'பாலயோகினி'யில் நிஜமாகவே விதவையான ஒரு பிராமணப் பெண்ணை நடிக்க வைத்தார். நம்மவர்கள் சிலர் கூட்டம் போட்டு அவரை ஜாதிப் பிரஷ்டம் செய்தார்கள். மனிதர் அசரவில்லை. மறுவருஷமே பிரேம்சந்தின் நாவலைத் தழுவி 'சேவாசதனம்' எடுத்தார். எம்.எஸ். சுப்புலக்ஷ்மிக்கு அதுதான் முதல் படம்.

1939-ல் கல்கியின் கதையில் 'தியாகபூமி'. நான் புனேயில் உத்தியோகத்தில் இருந்தபோது, அங்குள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பிரதியைப் பார்க்க வாய்த்தது. கைவிட்ட கணவன் சேர்ந்து வாழக் கேட்டு கோர்ட்டுக்குப் போகிறான். சாவித்திரியோ மறுத்து, வேண்டுமானால் தானே ஜீவனாம்சம் தருவதாகச் சொல்கிறாள். 1939-ல்! (நம் வீடுகளில் இன்றைக்கு எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்?) படத்திலிருந்த தேசியப் பிரசாரத்துக்காக பிரிட்டிஷ் அரசு அதைத் தடை செய்தது.

1971-ல் அவர் காலமானார். பாட்டியின் தங்கை இந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சினிமாவுக்கு வருகிறீர்களா என்று அவரை யாரும் கேட்டதில்லை, நான் உள்பட.