ஐக்மன் வழக்கை எழுதிய ஹன்னா அரெண்ட்: நட்புகளை முறித்த ஒரு நூல்

நாஜிகளால் தாய்நாட்டை இழந்த ஒரு யூத அறிஞர், நாஜிக் குற்றவாளி ஒருவரின் விசாரணையைப் பற்றி எழுதியதற்காக யூதர்களாலேயே கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். அவர் ஹன்னா அரெண்ட்.

1906 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஹனோவர் அருகே பிறந்த அவர், கோனிக்ஸ்பர்க் நகரில் வளர்ந்தார். ஹைடெக்கரிடமும் யாஸ்பர்ஸிடமும் தத்துவம் பயின்றார். 1933-ல், யூத இயக்கத் தலைவர் கர்ட் ப்ளூமென்ஃபெல்டின் வேண்டுகோளின்படி, பெர்லின் நூலகத்தில் யூத எதிர்ப்புப் பிரசாரச் சான்றுகளைத் திரட்டியபோது கைதானார். விடுதலையானதும் பாரிஸுக்குத் தப்பினார். 1940-ல் பிரான்ஸின் கூர்ஸ் முகாமில் அடைக்கப்பட்டு, அங்கிருந்தும் மீண்டு, லிஸ்பன் வழியாக 1941-ல் நியூயார்க் சேர்ந்தார்.

யூதர்களை மரண முகாம்களுக்கு ரயிலேற்றும் பணியை ஒருங்கிணைத்த அடால்ப் ஐக்மன் மீதான வழக்கு, 1961 ஏப்ரலில் ஜெருசலேமில் தொடங்கியது. நியூயார்க்கர் இதழுக்காக அரெண்ட் அங்கு சென்றார். அவருடைய கட்டுரைகள் 1963 தொடக்கத்தில் ஐந்து பகுதிகளாக வெளிவந்து, அவ்வாண்டே நூலாயின. கண்ணாடிக் கூண்டில் அமர்ந்திருந்தவரை அரக்கராக அல்லாமல், சிந்திக்கும் திறனற்ற, பதவி உயர்வை நாடிய அலுவலராகவே அவர் சித்திரித்தார். ஆயினும் தூக்குத் தண்டனை சரியே என்றும் எழுதினார். இது பலராலும் மறக்கப்படுகிறது.

பெரும் சினத்தை மூட்டியவை வேறு சில பக்கங்கள். நாஜிகள் அமைத்த யூத மன்றங்களின் தலைவர்கள் ஒத்துழைத்திராவிட்டால் பலியானோர் எண்ணிக்கை குறைந்திருக்கும் என அவர் வாதிட்டார். துப்பாக்கி முனையில் நின்றவர்களை இத்தகைய ஏளனத் தொனியில் எடைபோடலாமா என எதிர்ப்பாளர்கள் வினவினர். அவ்வினா நியாயமானதே. கெர்ஷோம் ஷோலெமுடனான நட்பு முறிந்தது. ப்ளூமென்ஃபெல்டோ, மனக்கசப்பு நீங்காமலேயே அவ்வாண்டு காலமானார்.

அறிஞர்களின் மதிப்பீடு மெதுவாகவே உருப்பெற்றது. 1965-ல் ஜேக்கப் ராபின்சன், நூலிலுள்ள தகவல் பிழைகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். யூத மன்றங்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டுச் செயல்பட்டதை ஐசையா ட்ரங்கின் 1972-ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது. அர்ஜென்டினாவில் தலைமறைவாக இருந்தபோது ஐக்மன் எழுதிய குறிப்புகளையும் ஒலிப்பதிவான உரையாடல்களையும் ஆராய்ந்த பெட்டினா ஸ்டாங்னெத், அவர் தீவிரக் கொள்கைவெறியர் என்று 2011-ல் காட்டினார். நீதிமன்றத்தில் ஐக்மன் பூண்ட வேடம் அரெண்டை ஏமாற்றியது என்றே கூற வேண்டும். எனினும் ஒழுங்கான அலுவலர்கள் பெருங்குற்றங்களுக்கு உடன்படுவது எவ்வாறு என்று அவர் எழுப்பிய வினாவை அச்சான்றுகள் அழித்துவிடவில்லை.

1975 டிசம்பர் 4 அன்று அரெண்ட் நியூயார்க்கில் காலமானார். அந்நூலின் ஹீப்ரு மொழிபெயர்ப்பு இஸ்ரேலில் வெளிவர 2000-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.