பாரிமுனையில் நின்ற பெயர்

திருவொற்றியூரிலிருந்து கல்லூரிக்கு வந்த நாட்களில் பாரிமுனையில்தான் பஸ் மாறுவேன். அந்தப் பாரி கடையேழு வள்ளல் இல்லீங்க. வேல்ஸ் நாட்டுக்காரர் தாமஸ் பாரி. 1788-இல் சென்னை வந்து வணிகத்தில் இறங்கினார். 1824-இல் பரங்கிப்பேட்டையில் காலரா கண்டு மறைந்தார், கடலூரில் அடக்கம். பாரி கம்பெனியின் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை 1840-களில்தான் எழுந்தது. அதை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் சர்க்கரை மூட்டையில் அவர் பெயர் நிலைத்தது. கரும்பு வெட்டியவர், வண்டி ஓட்டியவர், கொதிக்கும் கொப்பரை முன் நின்றவர் பெயர் எந்த முனைக்கும் இல்லை. நம்மில் பலர் ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள்தானே? தம்பி, தங்கைகளே, உங்கள் தாத்தா பெயரையும் அவர் பார்த்த வேலையையும் இன்றே எழுதி வையுங்கள்.