உடலின் கணக்கை அளந்தவர்



நம் பாட்டனாரும் தந்தையரும் சுரங்கத்தின் ஆழத்தில் பாறை பிளந்தனர். உழைத்துச் சோர்ந்த தோள், ஓய்ந்தபின் மீண்டும் வலிமை பெறுவது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண வழிசெய்தவருள் ஒருவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இவர் 1895-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் பீமவரத்தில் தெலுங்குக் குடும்பத்தில் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னையில் தேறினார். ஸ்ப்ரூ என்னும் கொடிய வயிற்றுநோய்க்குச் சகோதரர் இருவரைப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு ஈடாகத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, மருத்துவமனையில் இரவு ஊழியம் செய்துகொண்டே ஹார்வர்டில் ஆராய்ந்தார்.

உடலில் நிகழும் இரசாயன மாற்றங்களை நடத்துவன நொதிகள். அவற்றுட் பல பாஸ்பேட்டைப் பிரித்தும் சேர்த்தும் தொழில் புரிவன. நொதியின் தொழிலைக் கண்ணாற் காண இயலாது. அது பிரித்த பாஸ்பேட்டை அளந்து அறியலாம். 1925-இல் ஃபிஸ்க் என்பாருடன் இவர் அதற்கோர் எளிய முறை வகுத்தார். மாலிப்டேட்டும் வேறு சில மருந்துகளும் சேர்த்தால் கரைசல் நீலமாகும். பாஸ்பேட் மிகுந்தால் நீலமும் மிகும். புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதும் எமக்கு இது நன்கு விளங்குகிறது. டிக்கெட் விற்றதை நேரிற் காணாவிடினும், பெட்டியிலுள்ள பணம் விற்பனையைக் காட்டிவிடுமன்றோ?

இம்முறையைக் கொண்டே 1927-இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைத் தசையிற் கண்டனர். உழைக்கும்போது அது குறைகிறது. ஓய்வில் மீண்டும் நிறைகிறது. 1929-இல் ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருளையும் கண்டனர். அதே காலத்தில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதனைத் தனியே கண்டார்.

ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாமையால், 1940-இல் லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கு இவர் தலைமையிலான குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தை ஆக்கினர். சகோதரரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கே அது மருந்தாயிற்று! அவ்வமிலத்தை ஒத்த வேறு பொருள்களையும் ஆக்கினர். அவை நொதியை ஏமாற்றித் தடுத்து, இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளின் பிணியைச் சிறிது காலம் தணித்தன. அவ்வினத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்சேட் இன்றும் வழக்கிலுள்ளது.

1948 ஆகஸ்டுத் திங்களில், தமது 53-ஆம் அகவையில், இவர் அயல்நாட்டிலேயே மறைந்தார்.

2001-இல் நம் சுரங்கம் மூடப்பட்டது. காலனிப் பிள்ளைகளுக்கு இனிக் கல்வியே தங்கம். தேர்வில் தோற்ற பிள்ளையைப் பெற்றோர் கடிந்துரைக்குமுன், மூன்றாம் முறை எழுதித் தேறிய இப்பெரியாரை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.