ரெனால்ட்ஸ் நம்பரைத் தாண்டி ஒரு ரெனால்ட்ஸ்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல ரெனால்ட்ஸ் நம்பரைத் தொடாம நம்மில் யாரும் பாஸ் ஆகியிருக்க மாட்டோம். ஆனா அதே ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், மாசக்கணக்கா ஷெட்டில் நின்ன காரை எப்படி ஸ்டார்ட் பண்ணணும்ங்கிறதுக்கும் காரணம் சொல்லிட்டுப் போயிருக்கார், தெரியுமா?

1842ல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். காலேஜுக்கு முன்னாடியே ஒரு பட்டறையில் வேலை கத்துக்கிட்டார். அப்புறம்தான் கேம்பிரிட்ஜ், கணிதம். 1868ல் மான்செஸ்டர் ஓவன்ஸ் காலேஜில் பேராசிரியர் ஆனப்போ வயசு வெறும் 25. எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சன் அங்கே இவரோட மாணவர்.

1883ல் கண்ணாடிக் குழாயில் சாயத்தை ஓடவிட்டு, தண்ணி எப்போ சீரா ஓடும், எப்போ குழம்பும்னு காட்டினார். அதே சமயம் பீச்சம் டவர்னு ஒரு இன்ஜினியர் பேரிங் உராய்வைச் சோதிச்சுக்கிட்டிருந்தார். ஆயில் ஊத்த பேரிங் மேல ஒரு ஓட்டை போட்டார். ஆயில் உள்ளே போறதுக்குப் பதிலா வெளியே வந்துச்சு! கட்டையை வச்சு அடைச்சா, கட்டையையும் தள்ளிடுச்சு. கேஜ் மாட்டினா, சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிடுச்சு.

ஏன்னு 1886ல் கணக்கு போட்டு விளக்கினவர் ரெனால்ட்ஸ். ஷாஃப்ட் சுத்தும்போது, குறுகிக்கிட்டே போற இடைவெளிக்குள்ள ஆயிலை இழுத்துட்டுப் போகுது. அங்கே அழுத்தம் ஏறி, ஷாஃப்டையே தூக்கி நிறுத்துது. உலோகமும் உலோகமும் தொடுறதே இல்லை.

இதில் ஒரு விஷயம் கவனிச்சீங்களா? சுத்தினாதான் அந்தப் படலம் உருவாகும். நின்னா ஷாஃப்ட் பேரிங் மேல உட்கார்ந்துடும். மாசக்கணக்கா நின்னா, ஆயிலில் பெரும்பகுதி வடிஞ்சு கீழே சம்ப்புக்குப் போயிடும். மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது, பம்ப் ஆயிலை மேலே அனுப்புற வரைக்கும் முதல் சில நொடிகள்தான் இன்ஜினுக்கு ஆபத்து.

அதனால முதல்ல டிப்ஸ்டிக் பாருங்க. ஆயில் பழசா இருந்தா மாத்துங்க. ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீங்க. ஆயில் லைட் அணையட்டும், கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடட்டும். வருஷக்கணக்கா நின்ன பெட்ரோல் வண்டின்னா, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு, மெக்கானிக்கை வச்சு இன்ஜினை மெதுவா சுத்த விடுறது நல்லது.

உடம்பு சரியில்லாம 1905ல் ஓய்வு பெற்ற ரெனால்ட்ஸ், 1912ல் காலமானார். பேரிங் டிசைன் இன்னைக்கும் அவர் சமன்பாட்டில்தான் நடக்குது. செமஸ்டர் லீவ் முடிஞ்சு வந்ததும் பைக்கை முறுக்குறதுக்கு முன்னாடி, அவரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.