காற்றாடிமலைத் தியாகி

சனவரித் திங்கள் 14ஆம் நாள். அஞ்சுகிராமம் வட்டாரத்தின் உழைப்பாளி வீடுகளில் பொங்கல் பேச்சாகவே இருக்கும். அதே நாளில், வடக்கே ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில், கத்தோலிக்க மக்கள் தேவசகாயத்தின் திருநாளைக் கொண்டாடுகின்றனர். 1752ஆம் ஆண்டு அந்த நாளில், அந்த மலையில்தான் திருவாங்கூர் அரசின் படைவீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

புனிதர் கதைக்கும் தொழிலாளி வாழ்வுக்கும் என்ன சம்பந்தம் எனத் தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. அற்புதங்களை நம்புவோர் நம்பட்டும். நாம் சொல்ல வருவது அந்த மனிதர் எதற்காகச் செத்தார் என்பதை.

1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. வசதியான நாயர் குடும்பம். வளர்ந்ததும் பத்மநாபபுரத்தில் அரசாங்க உத்தியோகம். அரியணையில் இருந்தவர் மார்த்தாண்டவர்மா. குலம் உண்டு, பணம் உண்டு, அரண்மனைச் செல்வாக்கும் உண்டு. அன்றைய திருவாங்கூரில் ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுக் கும்பினியின் படை தோற்றது. சிறைப்பட்டவர்களில் ஒருவர் தெலனாய் என்னும் ஐரோப்பியர். மன்னர் அவரைத் தம் படைக்குப் பயிற்சி தரும் தளபதியாக்கிக் கொண்டார். கால்நடைகள் மடிந்து, குடும்பத்தில் இழப்புகள் நேர்ந்து மனம் உடைந்திருந்த நீலகண்டருக்கு இந்தத் தெலனாய் விவிலியத்தின் யோபு கதையை எடுத்துச் சொன்னார். அந்தக் கதை அவர் உள்ளத்தைத் தொட்டது. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், திருவாங்கூர் எல்லைக்கு அப்பால் இருந்த வடக்கன்குளத்தில், புத்தாரி என்ற இயேசு சபைக் குருவிடம் அவர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அவர் மனைவி பார்கவி அம்மாளும் அந்நெறியில் சேர்ந்து ஞானப்பூ ஆனார்.

1749 பிப்ரவரியில் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். எருமை மீது ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தனர். ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் இந்தக் கொடுமை நீடித்தது என்கிறது திருச்சபை வரலாறு.

அவர் செய்த குற்றம் என்ன? மதம் மாறியதா? அது ராஜத்துரோகத்துக்குத் தந்த தண்டனை என்று எழுதுகிற வரலாற்றாசிரியர்களும் உண்டு. நாம் ஒன்று கேட்கிறோம். படைத்தளபதி தெலனாய் கத்தோலிக்கர். உதயகிரிக் கோட்டைக்குள் சிற்றாலயம் இருந்தது. அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. கடற்கரையெங்கும் மீனவர் இருநூறு ஆண்டுகளாகக் கிறித்தவர். இவர்களுக்கெல்லாம் இல்லாத விலங்கு தேவசகாயத்துக்கு மட்டும் ஏன்?

பரதவன் மாறலாம், பரங்கியும் கும்பிடலாம். அரண்மனை உத்தியோகஸ்தன், உயர்ந்த குலத்தான் என்று பெயர் பெற்றவன், தாழ்த்தப்பட்டவனோடு சமமாக உட்கார்ந்து உண்ணலாமோ? மனிதரெல்லாம் ஒன்று என்று தெருவில் நின்று சொல்லலாமோ? சாதிப் படிக்கட்டின் மேற்படியில் நிற்பவனே இறங்கி வந்தால் படிக்கட்டு ஆடிப்போகும். அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்பது நமது எண்ணம்.

காற்றாடிமலையில் உயிர் பிரிந்தது. எஞ்சிய உடற்கூறுகளைக் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். சாதாரண மக்கள் அந்தக் கல்லறையைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தனர்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நாம் எழுதவே வேண்டியதில்லை. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872ஆம் ஆண்டு எழுந்த ஆலயம் எப்படி இருந்தது தெரியுமா? இரண்டு கிளையாகப் பிரித்துக் கட்டினார்கள். வெள்ளாளருக்கு ஒரு கிளை, நாடார் முதலானோருக்கு மறு கிளை, நடுவே தடுப்பு. ஒரே பலிபீடம், ஒரே பூசை. தரை மட்டும் வேறு! சாதியை மறுத்து உயிர் கொடுத்தவரின் ஞானத் தாய்வீட்டில் சாதிக்குச் சுவர்!

1910ஆம் ஆண்டு கௌசானல் என்ற பங்குக்குருவின் காலத்தில் அந்தத் தடுப்பை இடித்துத் தள்ளினார்கள். உரிமை போயிற்று என்று நீதிமன்றம் ஏறியவர்கள் மதராஸ் உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கியபோது அவர் பெயர் தேவசகாயம் பிள்ளை. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயர் வெறும் தேவசகாயம். சாதியை உதறியவர் தலையில் சாதிப் பட்டத்தைச் சுமத்தலாகாது என்று இங்கிருந்து எழுந்த குரல் அங்கே கேட்டது. இந்தியாவின் இல்லறத்தாரில் முதல் புனிதர் என்ற பெருமையோடு, வால் அறுந்த பெயரும் அவருக்குக் கிடைத்தது. இரண்டாவதே பெரிய பெருமை என்போம்.

பெயரில் அறுந்தது ஊரில் அறுந்ததா? இன்றும் தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம், சாதிக்கொரு சுடுகாடு வைத்திருக்கும் ஊர்கள் எத்தனை! சிலுவை போட்டவனும் நீறு பூசியவனும் அந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

பாதிரியாரை மட்டும் குறை சொல்லி நாம் நழுவிவிட முடியாது. மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு, வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது சாதி கேட்கும் தோழர் நம்மிடையே இல்லையா? காற்றாடிமலைக்கு மெழுகுவத்தி ஏந்திப் போவோரும் போகட்டும், போகாதவர்களும் இருக்கட்டும். உங்கள் ஊரில் எந்தச் சுவர் இன்னும் நிற்கிறது என்று சனவரி 14 அன்று எண்ணிப் பாருங்கள். எண்ணியபின் கடப்பாரையை எடுங்கள். வடக்கன்குளத்தில் இடிந்தது உங்கள் ஊரிலும் இடியும்.