சீனியில் கோபுரம் எழுப்பிய அந்தோனின் கரேம்

பாரிஸ் நகரில் பரம ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அந்தோனின் கரேம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், ஏறக்குறைய 10 வயதில் பெற்றோரால் கைவிடப்பட்டார். மலிவான சாப்பாட்டுக் கடையொன்றில் எடுபிடி வேலை செய்து வயிற்றைக் கழுவினார்.

1798 வாக்கில் சில்வேன் பய்யி என்பவரின் பலகாரக் கடையில் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் தேசிய நூலகத்துக்குப் போய்வர முதலாளி அனுமதித்தார். எடுபிடிப் பையனைப் படிக்க அனுப்பும் முதலாளி அன்றைக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அங்கே கரேமை ஈர்த்தவை பழங்காலக் கட்டடப் படங்கள். கோயில், கோபுரம், இடிந்த மண்டபம் எனப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பிறகு அவற்றைச் சீனியாலும் பாதாம் விழுதாலும் உயரமாகக் கட்டி எழுப்பினார். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அவை நின்றபோது வேடிக்கை பார்க்கத் தெருவில் கூட்டம் கூடியது.

பின்னர் சொந்தக் கடை வைத்தார். அமைச்சர் தாலேரான், இங்கிலாந்து இளவரசர், ரோத்சில்ட் குடும்பம் என்று பெரிய இடங்களில் சமைத்தார். 1815-இல் பலகாரக் கலை பற்றி, தம் கையால் வரைந்த படங்களோடு நூல் வெளியிட்டார்.

அக்காலச் சமையற்கட்டுகளில் காற்றோட்டம் கிடையாது. பல ஆண்டுகள் சுவாசித்த கரி அடுப்புப் புகையே அவர் உயிரைக் குடித்தது என்பர். 1833-இல் இறந்தபோது அவருக்கு 50 வயதுகூட நிரம்பவில்லை.