தொரப்பள்ளி முனிசீபின் மகன்

பெரியோர்களுடைய சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவர்கள் ஏறி நின்ற உச்சிப்படியையே விரித்துரைத்து, முதற்படியை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். இராஜாஜி என்று நாட்டோர் வழங்கும் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாருக்கும் இதுவே நேர்ந்தது. அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்ததையும், இந்தியருள் கவர்னர்-ஜெனரல் பதவி வகித்தவர் அவரொருவரே என்பதையும், இதிகாசங்களை எளிய தமிழில் எழுதித் தந்ததையும் நம்மில் அறியாதார் இலர். சேலம் நகரசபையில் அவர் அமர்ந்திருந்த நாற்காலியை நினைப்பார் சிலரே. அந்த நாற்காலியைப் பற்றியே இவ்வியாசத்தில் கூறக் கருதுகின்றோம்.

இக்கருத்து நமக்குத் தோன்றிய இடம் ஒரு சந்தை. கிருஷ்ணகிரியினின்றும் ஓசூர் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் பெரும்பாட்டையில் குந்தாரப்பள்ளி என்னும் ஊர் உளது. அங்குக் கூடும் வாரச் சந்தை ஆட்டு வியாபாரத்துக்குப் பேர்போனது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்க, ஆடு ஓட்டி வந்தவரும் வாங்க வந்தவரும் ஒருவரையொருவர் நெருக்கி நிற்கும் காட்சியை நாம் ஒருமுறை கண்டோம். அப்பொழுது நம்முள் சில கேள்விகள் பிறந்தன. இத்தனை பேருக்கும் குடிநீர் தருவது யார் கடமை? கூட்டம் கலைந்தபின் குப்பையை வாருவிப்பவர் யார்? சந்தைச் சுங்கம் எவருடைய கணக்கிற் சேர்வது? இவை அற்பமான கேள்விகளெனத் தோன்றலாம். ஆயினும் ஸ்தல சுயாட்சி என்னும் பெரும் பெயர் குறிப்பது இவற்றையேயன்றி வேறில்லை.

அப்பாட்டையிலேயே ஓசூர்ப் பக்கம் சென்றால், அந்நகருக்கு அருகே தொரப்பள்ளி என்னும் சிற்றூர் இருக்கின்றது. அக்காலத்திற் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த அவ்வூரிலே 1878-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆச்சாரியார் பிறந்தார். தந்தையார் சக்கரவர்த்தி வேங்கடார்யர், தாயார் சிங்காரம்மாள். தந்தையார் வகித்த உத்தியோகம் கிராம முனிசீப் என்பதாம். நிலவரி வசூலித்தலும், பிறப்பு இறப்புக்களைப் பதிதலும், சிறு வழக்குகளைத் தீர்த்தலும் முனிசீபின் வேலைகள். ஊருக்கு அவரே அரசாங்கம். ஆனால் ஊரார் அவரைத் தேர்ந்தெடுத்தாரில்லை, துரைத்தனத்தார் நியமித்தனர், அந்நியமனமும் பெரும்பாலும் தந்தைக்குப்பின் மகனென்னும் முறையிலே சென்றது. ஆள்பவர் ஊரிலேயே இருப்பார்; ஆனால் ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். இந்த வித்தியாசத்தை மனத்திற் கொள்க.

ஓசூரிற் பள்ளிப் படிப்பு முடிந்தது. பெங்களூர்ச் சென்ட்ரல் காலேஜிலும், பின்னர்ச் சென்னை இராஜதானிக் கல்லூரியிலும் கற்றுச் சட்டத்திற் பட்டம் பெற்ற அவ்விளைஞர் 1900-ஆம் ஆண்டிற் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். தொழில் செழித்தது. வேறொருவராயின் அவ்வருமானத்தோடு அமைந்திருப்பர். அவரோ 1911-ஆம் ஆண்டில் நகரசபை அங்கத்தினரானார். 1917-ஆம் ஆண்டில் அதன் தலைவருமானார். அதற்குச் சிறிது முன்னரே மனைவியார் காலஞ்சென்றமையால், ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்திருந்தது.

அக்காலத்து நகரசபை எத்தன்மையது என்பதைச் சிறிது கூறுதல் தகும். 1882-ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானமே இந்நாட்டு ஸ்தல சுயாட்சிக்கு அடிப்படை. பிரஜைகள் தங்கள் ஊர்க் காரியங்களைத் தாங்களே நடத்திப் பழகினால் அரசியல் அறிவு பெறுவர் என்பது அப்பிரபுவின் எண்ணம். ஆனால் வரி செலுத்தும் சிலருக்கே வாக்குரிமை இருந்தது. பெண்களும் ஏழைகளும் வெளியே நின்றனர். செலவுக்கேற்ற பணமோ இல்லை. அத்தகைய குறுகிய இடத்திலே தான் ஆச்சாரியார் தம் ஆற்றலைச் சோதித்துப் பார்த்தார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில், அண்டை நகராகிய ஈரோட்டின் நகரசபைத் தலைவராய் ஈ. வெ. இராமசாமியார் இருந்தார். பிற்காலத்தில் அரசியலில் எதிரெதிர் நின்ற இருவரும் நண்பராயினது, குழாய்த் தண்ணீரையும் தெருச் சாக்கடையையும் பற்றிக் கவலையுற்ற அக்காலத்திலே தான்.

சேலத்துத் தலைமைப் பதவியில் நிகழ்ந்தவற்றுள் ஒன்றை மட்டும் இங்கு விரித்துரைப்போம். நகரத்துக்குக் குழாய் வழியே நீர் வழங்கும் இலாகாவில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு தொழிலாளிக்குப் பிராமணர் வாழும் தெருவிலே தண்ணீரைத் திறந்து மூடும் வேலை வந்தது. அக்கிரகாரத்தார் கொதித்தெழுந்தனர். அவன் கைபட்ட திருகுவழி வரும் நீரை எங்ஙனம் அருந்துவது என்பது அவர்கள் வாதம். அவர்களெல்லாம் தலைவரின் உறவினரும் வகுப்பினரும் ஆவர். வாக்குரிமை உடையவரும் அவரே. அந்தத் தொழிலாளிக்கோ வாக்கும் இல்லை, பரிந்து பேசுவாரும் இல்லை. தலைவர் இணங்கியிருந்தால் எவரும் குறை கூறியிரார். அவர் இணங்கவில்லை. அத்தொழிலாளி அவ்வேலையிலேயே நின்றான். தண்ணீரும் வழக்கம்போல் வந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் முதன்முதலாகச் சேலம் நகரசபையில் அங்கத்தினரானதும் அவர் காலத்திலேயே.

இதைச் சிறு செய்தியென்று தள்ளுதல் கூடாது. பார்லிமெண்டிலே சமத்துவத்தைப் பற்றிப் பேசுதல் எளிது, கேட்பவர் தூரத்திலிருப்பர். நாடோறும் முகத்தில் விழிக்கும் அண்டை வீட்டாரின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு திருகைத் திருகுபவனுக்காக நிற்றல் எளிதன்று. ஸ்தல ஸ்தாபனத்தின் பெருமையும் ஆபத்தும் இதுவேயாம். அங்கே நியாயமும் அருகில் இருக்கின்றது, அநியாயமும் அருகில் இருக்கின்றது.

1919-ஆம் ஆண்டில் ஆச்சாரியார் சேலத்தை விட்டுச் சென்னை சேர்ந்தார். காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் அவரை ஆட்கொண்டது. வக்கீல் தொழிலைத் துறந்தார். வேலூர்ச் சிறையிற் கிடந்தார். 1925-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் கதர்த் தொண்டு செய்தார். 1937-ஆம் ஆண்டில் மாகாணப் பிரதம மந்திரியானதும், மதுவிலக்கை முதலிற் சேலம் ஜில்லாவிலேயே தொடங்கினார். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், 1953-ஆம் ஆண்டிற் கொணர்ந்த ஆரம்பக் கல்வித் திட்டமும் அவருக்குப் பெரும் எதிர்ப்பைத் தேடித் தந்தன. பின்னதனால் அவர் முதலமைச்சர் பதவியையும் விட நேர்ந்தது. குற்றங்குறையற்றவராக அவரைக் காட்டுதல் நம் நோக்கமன்று. பெரிய பதவியில் அவர் சில வேளை மக்கள் உள்ளத்தை அறியத் தவறினார். சிறிய பதவியில் அவ்வாறு தவறினாரில்லை என்பதே நாம் குறிக்க விரும்புவது.

நிற்க. 1948-ஆம் ஆண்டு ஜூன் முதல் 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26 வரை அவர் கவர்னர்-ஜெனரலாக இருந்தார். அவ்விடைக்காலத்திலேயே அரசியல் நிர்ணய சபை நாட்டின் அரசியலமைப்பை விவாதித்து முடித்தது. அப்பதவியில் இருந்தமையால் அவர் விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் அவர் சேலத்திற் கண்ட அதே வழக்கு அச்சபையில் வேறுருவில் வந்தது. 1948-ஆம் ஆண்டு நவம்பர் 4-ல் நகல் சட்டத்தை முன்மொழிந்த டாக்டர் அம்பேத்கர், கிராமங்களைப் போற்றுவாரை மறுத்து, அவை குறுகிய நோக்கும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடங்களென்றும், தனிமனிதனே சட்டத்துக்கு அடிப்படை என்றும் வாதித்தார். காந்தியடிகளின் கிராம சுயராஜ்யத்தை நம்பினோர் வருந்தினர். அம்மாதம் 22-ல், நம் மாகாணத்தவராகிய கே. சந்தானம், கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்துச் சுயாட்சிக்கு வேண்டிய அதிகாரங்களை அவற்றுக்கு அளித்தல் அரசின் கடமை என்னும் திருத்தத்தைக் கொணர்ந்தார். அம்பேத்கரும் அதனை ஏற்றார். அதுவே 40-ஆவது ஷரத்தாயிற்று.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டென்பதைச் சேலத்துத் திருகு காட்டிவிட்டது. அக்கிரகாரத்தார் அம்பேத்கரின் அச்சத்துக்குச் சாட்சி. தலைவர் காந்தியடிகளின் நம்பிக்கைக்குச் சாட்சி.

ஆயின் 40-ஆவது ஷரத்து வழிகாட்டும் கொள்கைகளுள் வைக்கப்பட்டது. அதை நிறைவேற்றுக என நியாயஸ்தலத்துக்குச் சென்று கேட்க இயலாது. நகரசபைகளுக்கோ அவ்வொரு வரியும் இல்லை. ஸ்தல சுயாட்சி மாநிலங்களின் பட்டியலைச் சேர்ந்ததாகையால், அந்தந்த அரசாங்கம் நினைத்தபோது தேர்தல் நடந்தது, நினையாதபோது நின்றது. இந்நிலை மாற நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயின. 1992-ஆம் ஆண்டு டிசம்பரிற் பார்லிமெண்ட் நிறைவேற்றிய 73-ஆவது திருத்தம் கிராமங்களுக்கும், 74-ஆவது திருத்தம் நகரங்களுக்கும் உரியன. முன்னது 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-லும், பின்னது ஜூன் 1-லும் அமலுக்கு வந்தன.

அவற்றின் சாரத்தை மாணவர் எளிதில் உணருமாறு கூறுவாம். கிராமத்து வாக்காளர் அனைவரும் கூடுவது கிராம சபை. அதன்மேல் கிராமம், இடைநிலை, மாவட்டம் என மூன்றடுக்குப் பஞ்சாயத்துகள். நகரங்களில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்பன. ஒவ்வொரு சபைக்கும் ஐந்தாண்டுக் காலம். இடையிற் கலைக்கப்பெற்றால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அவர்கள் தொகைக்கேற்ற இடங்கள். பெண்களுக்கு மூன்றிலொரு பங்குக்குக் குறையாத இடங்கள். தமிழ்நாடு 2016-ஆம் ஆண்டில் பெண்கள் பங்கைப் பாதியாக உயர்த்தியது. தேர்தலை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம்; பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வழி சொல்ல மாநில நிதி ஆணையம். பதினோராம் அட்டவணை கிராமங்களுக்கு 29 துறைகளையும், பன்னிரண்டாம் அட்டவணை நகரங்களுக்கு 18 துறைகளையும் குறிக்கின்றன. குந்தாரப்பள்ளியில் நாம் கேட்ட கேள்விகளுக்கு விடை அங்கே இருக்கின்றது. முன்னதில் குடிநீரும் சந்தையும் உள. பின்னதில் நகர நீர் வழங்கலும் குப்பை அகற்றலும் உள.

ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தேர்தல் நடத்துதல் கட்டாயம். அவ்வட்டவணையிலுள்ள அதிகாரங்களை அளித்தலோ மாநிலச் சட்டசபையின் விருப்பம். நாற்காலி உறுதியாயிற்று, அதன் முன்னுள்ள மேசையில் என்ன இருக்குமென்பது உறுதியாகவில்லை. தேர்தலுங்கூடத் தவறாது நடந்ததெனக் கூறுவதற்கில்லை. 2016-ஆம் ஆண்டில் நின்றுபோன தேர்தல் நம் கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களுக்கு 2019-ஆம் ஆண்டு டிசம்பரிலும், நகரங்களுக்கு 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியிலுமே நடந்தது. இடையில் தனி அதிகாரிகள் ஆண்டனர். கிராமப் பிரதிநிதிகளின் காலம் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் முடிந்தபோதும் தனி அதிகாரிகளே பொறுப்பேற்றனர். ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத ஆட்சி, முனிசீபின் காலத்தோடு ஒழிந்ததன்று. பரம்பரை முனிசீப் பதவிகளைத் தமிழ்நாடு 1980-ஆம் ஆண்டிலேயே ஒழித்துவிட்ட போதிலும், அதன் நிழல் அவ்வப்போது திரும்பி வருகின்றது.

அம்பேத்கர் அஞ்சியதும் பொய்யாகவில்லை. மதுரை மாவட்டத்து மேலவளவில், ஒதுக்கப்பட்ட இடத்தில் நின்று தலைவரான முருகேசன் என்பார் 1997-ஆம் ஆண்டு ஜூன் 30-ல் உடனிருந்த ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம் அந்நாற்காலியில் அமர்ந்ததே. பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில் ஒதுக்கப்பட்ட தலைமைக்குப் பத்தாண்டுகள் தேர்தல் செவ்வனே நடத்த இயலாது, 2006-ஆம் ஆண்டிலே தான் நடந்தது. சட்டம் நாற்காலியைக் கொடுத்தது; ஊரார் அதைக் கொடுக்க மறுத்தனர். எண்பது ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் ஒரு திருகைப் பற்றி எழுந்த வழக்கு தீரவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆச்சாரியார் 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ல் தமது தொண்ணூற்று நான்காம் பிராயத்திற் சென்னையிற் காலமானார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த இல்லம் நினைவில்லமாகப் போற்றப்படுகின்றது. அவர் பிறந்த காலத்தில் கிராமத் தலைமை பிறப்பால் வந்தது. அவர் மறைந்து இருபதாண்டுகளுக்குப்பின் வந்த சட்டம் அதனை எவரும் வாக்கினாற் பெறலாம் என்றது. அண்டை நகராகிய ஓசூர் 2019-ஆம் ஆண்டில் மாநகராட்சியாயிற்று. தொழிற்சாலைகள் பெருகின, வெளியூரிலிருந்து வந்து குடியேறியோர் பெருகினர், அவர்களுக்கு வேண்டிய தண்ணீரும் பெருகிற்று. ஆகவே, எந்தத் தெருவுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், எவர் தெருவுக்குக் கடைசியில் தண்ணீர் என்று தீர்மானிக்கும் அச்சிறு திருகு முன்னினும் பெரிதாயிற்று.

நண்பர்களே! நம்மிற் பலர் கிராமங்களினின்றும் வந்தவர்கள். நம் ஊர்க் கிராம சபை கூடும் நாள் எது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பரீட்சைக்காக 243-ஆவது ஷரத்தை மனப்பாடம் செய்யும் நாம், அச்சபையில் ஒருமுறையேனும் எழுந்து நின்று, சேரித் தெருவுக்குக் குழாய் ஏன் வரவில்லை என்று கேட்டதுண்டா? கவர்னர்-ஜெனரல் மாளிகைக்கு நம்மில் எவரும் செல்லப் போவதில்லை, அப்பதவியே இன்றில்லை. ஆனால் சேலத்து நாற்காலி போன்ற நாற்காலி ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றது. அதில் அமர்வோரும், அமர்வோரைத் தேர்வோரும், தேர்ந்தபின் கேள்வி கேட்போரும் நாமே. அண்டை வீட்டாரின் கோபத்துக்கு அஞ்சாது நியாயத்தின் பக்கம் நின்ற முனிசீபின் மகனை அவ்வேளையில் நினைவு கொள்வோமாக.